சேறு நிரபராதி

மழைக்காலத்தில் கரிசல் பாதையில் வண்டி போகாததற்குக் காரணம் சேறு என்று பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் ஒரு தவறான கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பது வருந்தத்தக்கது. சேறு நிரபராதி. அது தன் பாட்டுக்குக் கிடக்கிறது. செல்லதுரையின் பிக்கப் வண்டி ஒன்பது மழைக்காலங்களாக நல்லான்குடிகாட்டுப் பாதையில் இறங்காததற்குக் காரணம், அந்தப் பாதையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த அவனுடைய மாமனார்.

மாமனார் பஞ்சநாதன் நல்ல மனிதர். மாப்பிள்ளை வந்தால் கோழி அடிப்பார். தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் பாயில் படுப்பார். அவரிடம் இருந்த ஒரே குறை ஒரு வழக்கு. ஒன்றரை அடி அகலமுள்ள வரப்பு ஒன்று யாருக்குச் சொந்தம் என்று பங்காளி அரியமுத்துவோடு 1961ஆம் ஆண்டில் தொடங்கியது. மேலே போய், கீழே வந்து, திரும்ப மேலே போய், இப்போது மறுபடியும் அரியலூர் கோர்ட்டில் முதல் படியில் நின்றது. வழக்கை நடத்துவதோடு அவர் நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சொல்லவும் செய்தார்.

"எங்க விட்டேன் மாப்ள?" என்பார்.

"தெரியலீங்களே மாமா."

"அப்ப மொதல்லேருந்தே சொல்லிடறேன். அறுபத்தொண்ணு, சித்திரை மாசம்..."

ஒருமுறை செல்லதுரை புத்திசாலித்தனமாக, "எழுவத்தி நாலுல சர்வேயர் சங்கிலியோட வந்தாரு. அங்க விட்டீங்க மாமா" என்று பதில் சொல்லிப் பார்த்தான். மாமனார் நெகிழ்ந்துபோனார். "இவ்ளோ கவனமா கேக்குற ஆளுக்கு அரைகுறையா சொல்லக் கூடாது" என்று 1958இலிருந்து ஆரம்பித்தார்.

வெயில் காலத்தில் ஊருக்குள் பஸ் வரும். மாமனார் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போய்விடுவார். மழை விழுந்தால் மூன்று மைல் மண்பாதை பஸ்ஸை நிறுத்திவிடும். மாமனாருக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. அந்தச் சேற்றைத் தாண்டக்கூடிய டிராக்டர் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அரியமுத்துவுடையது. ஆகவே மழைக்கால வாய்தாக்களில் எதிர்த்தரப்பு டிராக்டரில் போய் இறங்கும். நம் தரப்பு வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்க்கும்.

2004ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் செல்லதுரையின் மனைவி மலர்கொடி பேச்சை எடுத்தாள்.

"நவம்பர் மூணாந்தேதி அப்பாவுக்கு வாய்தாங்க. அந்தப் பக்கத்து வக்கீல் அப்பாவக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கணுமாம். போன வருசம் ரெண்டு தடவ மழையில போவ முடியல. இதான் கடைசி தடவன்னு சொல்லிட்டாங்களாம். போவலைன்னா வரப்பு அவுங்களுக்குத்தான்."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? மாமாவுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? வண்டி போவாதே மலரு! அந்தச் சேறு டயரைப் புடிச்சா விடாது."

"டயரைத்தான் புடிக்குதா?"

"டயரைத்தான்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன இருக்கு?"

"ஓ" என்றாள் மலர்கொடி. பேச்சு அதோடு முடிந்தது. முடிந்தது என்று செல்லதுரை நினைத்தான்.

இந்த இடத்தில் செல்லதுரையின் கொள்கையைச் சொல்லிவிட வேண்டும். மனைவி வேண்டாம் என்று சொன்னதைச் செய்யாமல் விடுவது ஆண்பிள்ளைக்கு இழுக்கு என்பது அவன் சித்தாந்தம். அவள் வேண்டாம் என்றதால் மீசை வைத்தான். கூடாது என்றதால் ஓர் ஆட்டுக்கிடா வாங்கி, மூன்று மாதம் அதனிடம் முட்டு வாங்கினான். அவன் முதுகெலும்பே அவளுடைய "வேண்டாங்க"வைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நின்றது.

ஆவணியில் ஒருநாள், இருவரும் வாசலில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தபோது, கல்குவாரி முதலாளியின் ஜீப் தெருவில் போனது. சக்கரம் நான்கும் ஆளின் இடுப்பளவு. ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டு, ரோட்டையே மென்று துப்புவதுபோல் உறுமிக்கொண்டு போனது.

"அந்த மாதிரி டயரெல்லாம் நமக்கு வேண்டாங்க" என்றாள் மலர்கொடி.

செல்லதுரை அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லை. ஆனாலும் அவன் முதுகு நிமிர்ந்தது.

"ஏன், நமக்கென்ன கொறச்ச?"

"அதுக்கெல்லாம் ஓட்டத் தெரிஞ்ச ஆளு வேணும்."

"என்ன சொன்ன?"

"நம்ம வண்டிக்குப் போடணும்னா மட்கார்டு ஓரத்த வெட்டணும், பின்னாடி ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூடச் சேக்கணும். அப்பத்தான் ஒரசாதாம். எதுக்கு அந்த வம்பு?"

"யாரு சொன்னா?"

"ஊருல பேசிக்கிறாங்க. அரியலூர் ரோட்டுல வெள்ளைச்சாமி அண்ணன் கடையில ஒரு செட்டு வந்து கெடக்காம். காலையில பதினோரு மணிக்கு மேலதான் தொறக்குறாரு. நீங்க பாட்டுக்கு அங்க போய் நின்னுடாதீங்க."

ஒரு பொருளை வாங்குவதற்கு வேண்டிய எல்லா விவரங்களும், கடை திறக்கும் நேரம் உட்பட, இவ்வளவு செறிவாக அடங்கிய எதிர்ப்பு தமிழ்க் குடும்பங்களில் அரிது. செல்லதுரை அதைக் கவனிக்கவில்லை. "ஓட்டத் தெரிஞ்ச ஆளு" என்ற மூன்று சொல்லிலேயே அவன் காது நின்றுவிட்டது.

மறுநாள் பதினோரு மணி ஐந்து நிமிடத்துக்கு அவன் வெள்ளைச்சாமியின் கடையில் நின்றான்.

"இருக்கு" என்றார் வெள்ளைச்சாமி. "ஆனா அது ஒருத்தங்க சொல்லி வச்சிருக்காங்க தம்பி. ரெண்டு வாரமாச்சு. வந்து எடுத்துக்குவாங்க."

"யாரு?"

"அத எப்படிச் சொல்றது?" வெள்ளைச்சாமி கூரையைப் பார்த்தார்.

"அண்ணே, எரநூறு கூடப் போட்டுத் தரேன். அந்த ஆளு வந்தா தீந்துபோச்சுன்னு சொல்லிடுங்க."

"மனசு கஷ்டப்படுவாங்களே தம்பி."

"படட்டும்ணே. முந்தறவன் எடுத்துக்க வேண்டியதுதான்."

வெள்ளைச்சாமி நெடுநேரம் யோசித்து, ஒரு பெரிய மனிதர் ஒரு பெரிய தவறைச் செய்வதுபோல் இருநூறை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

இரண்டு நாள் வேலை. மட்கார்டு ஓரம் வெட்டுப்பட்டது. ஸ்பிரிங் பட்டை ஏறியது. ஸ்டெப்னி அடியில் நுழையாமல் பின்தொட்டிக்கு வந்தது. பழைய டயர்களை வெள்ளைச்சாமி விலையில் கழித்துக்கொண்டு எடுத்துக்கொண்டார். கடைசியில் ஓர் எச்சரிக்கையும் சொன்னார்.

"சக்கரம் பெருசாயிடுச்சுல்ல, மீட்டரு கம்மியாத்தான் காட்டும். நாப்பதுன்னு காட்டுனா நீங்க நாப்பத்தஞ்சுல போறீங்கன்னு அர்த்தம். பாத்து."

தான் நினைப்பதைவிட வேகமாகத் தான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்ற அந்தச் செய்தியைச் செல்லதுரை வண்டியைப் பற்றியது என்று மட்டும் எடுத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். மலர்கொடி ஓடி வந்தாள்.

"ஐயையோ! சொல்லச் சொல்லக் கேக்காம பண்ணிட்டீங்களே!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் ஈரம் இருந்ததா என்று அவன் சோதிக்கவில்லை. வெற்றி பெற்றவன் அற்பங்களைப் பார்ப்பதில்லை.

"இதுல நான் எப்படி ஏறுவேன்?"

"ஏறாத. யாரு ஏறச் சொன்னா?"

மலர்கொடி உள்ளே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வண்டியருகே போட்டாள். ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறிப் பார்த்தாள். "அப்பா உசரத்துக்கு இது போதும்" என்று ஏதோ முணுமுணுத்தாள். ஹாரனை இன்னொரு முறை அடிக்கும் மும்முரத்தில் இருந்தவனுக்கு அது கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று செல்லதுரை தெருக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஏரி உள்வாய்க்குப் போனான். களிமண் பாலாடைபோல் தளும்பிக்கொண்டிருந்தது. வண்டியை இறக்கினான். இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறினான். திரும்பி வந்தான். நடுவில் நிறுத்தி, பீடி பற்றவைத்து, மீண்டும் கிளப்பிக் காட்டினான். பக்கத்து வீட்டுப் பரிமளா கைதட்டினாள். பரிமளாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது மலர்கொடி.

"நெசமாவே நல்லாத்தான் போவுது" என்று மலர்கொடி ஒப்புக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் முதல் முறை. செல்லதுரைக்குக் காது குளிர்ந்தது.

"பின்ன? யாரு ஓட்டுறா?"

"முழங்கால் அளவு சேறுன்னாலும் போவுமா?"

"இடுப்பளவுன்னாலும் போவும்."

"இது ஏரி மண்ணு. கரிசல்ல கஷ்டம்தான், இல்ல?"

"கரிசலா? கரிசல் இதுக்கு மெத்தை மாதிரிடி!"

"ஒரு மைலு ரெண்டு மைலுன்னா சரி. மூணு மைலு?"

"முப்பது மைலு போவும்!"

"பரிமளா, நீ கேட்டீல்ல?"

"கேட்டேன் அக்கா. கரிசல் மெத்தை. முப்பது மைலு."

"அப்ப சரி" என்றாள் மலர்கொடி. "புதன்கிழமை அப்பாவுக்கு வாய்தா. காலையில ஆறு மணிக்குக் கெளம்பினாத்தான் அவரக் கூட்டிக்கிட்டு அரியலூருக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேரலாம்."

நாற்பத்து மூன்று வருடம் வழக்கு நடந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் குறுக்கு விசாரணையில் நின்றிருக்கிறோம் என்பது செல்லதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அவன் எளிதில் பணிகிறவன் அல்ல. வீட்டுக்கு வந்ததும் எதிர்த்து நின்றான்.

"இந்த டயரு எனக்குச் சரிப்பட்டு வரல. கழட்டப் போறேன். ஸ்டீரிங்கு இழுக்குது. பழையதையே மாட்டப் போறேன்."

"பழசு ஏது? வெள்ளைச்சாமி அண்ணன் அன்னைக்கே வித்துட்டாரே."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நான்தான் விக்கச் சொன்னேன். அப்புறம் இந்தாங்க." சமையலறை டப்பாவிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள். "அண்ணன் குடுத்தனுப்பினாரு. எனக்குன்னு எடுத்து வச்சிருந்த டயருக்கு ஒங்ககிட்ட கூட வாங்குனது அவருக்கே ஒரு மாதிரி இருந்துச்சாம்."

செல்லதுரை தாள்களைப் பார்த்தான். அவனே கொடுத்தவைதான். ஒன்றின் மூலையில் அவனுடைய வெங்காயக் கணக்கு பென்சிலில் இருந்தது.

"நான் வர மாட்டேன்" என்றான் கடைசியாக. குரலில் உறுதி இருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "என்ன ஆனாலும் சரி, வர மாட்டேன்."

"வேண்டாங்க" என்றாள் மலர்கொடி, சோறு வடித்துக்கொண்டே. "நீங்க வர வேண்டாம். ஓட்டத் தெரிஞ்ச ஆளு யாரையாச்சும் பாத்துக்கறேன்."

புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் செல்லதுரை வண்டியைக் கிளப்பினான்.

நல்லான்குடிகாட்டுப் பாதை அன்று தன் முழு வல்லமையையும் காட்டியது. ஒரு வளைவில் அரியமுத்துவின் டிராக்டர் அச்சுவரை புதைந்து நின்றது. அரியமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். பிக்கப் அவரைச் சுற்றிக்கொண்டு தாண்டியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, செல்லதுரை ராஜாவாக இருந்தான். மறுநொடி தூரத்தில் மாமனார் வெள்ளைச் சட்டையும் காகிதக் கட்டுமாக வாசலில் நிற்பது தெரிந்தது.

மலர்கொடி முக்காலியை இறக்கிப் போட்டாள். பஞ்சநாதன் ஏறினார். முக்காலி உள்ளே ஏறியது. பின்னாலேயே மலர்கொடியும் ஏறி, அப்பாவைச் செல்லதுரையை ஒட்டி நகர்த்தி உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள்.

"நல்ல டயரு மாப்ள" என்றார் மாமனார், டாஷ்போர்டைத் தட்டி. "எங்க விட்டேன்?"

மீட்டர் இருபது காட்டியது. இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் போகிறோம் என்று நினைத்துச் செல்லதுரை மனதைத் தேற்றிக்கொண்டான்.

கோர்ட்டில், சேறு காய்ந்த வேட்டியோடு அரியமுத்துவும் எப்படியோ பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். பஞ்சநாதன் கூண்டில் ஏறினார். வழக்குக்கு அடிப்படை என்ன என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "மொதல்லேருந்து சொல்லிடறேங்க" என்றார் பஞ்சநாதன். மாலை ஐந்து மணிக்கு, 1974இல் சர்வேயர் சங்கிலியோடு வந்து இறங்கிய இடத்தில், நீதிபதி கையை உயர்த்தினார்.

மீதி சாட்சியத்துக்காக வழக்கு டிசம்பர் எட்டாம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.