கண்ணீர் விட்ட சர்க்கரைப் பன்றி

சர்க்கரைத் தேவதை அழ ஆரம்பித்ததிலிருந்து டொலூக்காவில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு செபத்துக்கும் புதிதாய் ஒரு வெள்ளைச் சர்க்கரைப் பொம்மை, முதல் நாள் கல்லாகக் காய்ந்திருக்கும். ஒன்பது நாள் செபம். ஒன்பதாம் நாள் காலை இரண்டு கண்ணிலிருந்தும் தேன்போலச் சொட்டு! மெக்ஸிகோ நகரத்திலிருந்தே பஸ் பிடித்து வந்தார்கள். தக்காளி விற்றவர் மெழுகுவர்த்திக்கு மாறிவிட்டார். பல்வலியா, கோர்ட்டு வழக்கா, ஓடிப்போன புருஷனா? ஒரு கரண்டி கண்ணீர், ஐம்பது பெசோ. சர்க்கரை நோய்க்கு மட்டும் இரண்டு கரண்டி. ஆமாம், சர்க்கரை நோய்க்குச் சர்க்கரைப்பாகு! இனி வீடு தீப்பிடித்தால் பெட்ரோல் ஊற்றி அணைக்கலாம்.

தேவதைக்குக் காவல் சகோதரர் காசிமிரோ. வெள்ளை அங்கி, நீலக் கச்சை, எப்போது வேண்டுமானாலும் தழுதழுக்கத் தயாரான குரல்.

எர்மீனியாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதின்மூன்று வருஷமாக நொதி ஆலையில் வேலை பார்ப்பவள் அவள். அங்கே தொட்டியும் இல்லை, தண்ணீரும் தளும்பாது. ஈரத் தவிட்டைத் தட்டுகளில் பரப்பி, ஈஸ்டைத் தூவி, கதகதப்பாக வைத்திருப்பார்கள். ஈஸ்ட் வளர வளரத் தவிடெல்லாம் நொதி ஊறும். அதை அலசிப் பிழிந்து புட்டியில் அடைத்தால் மிட்டாய்க் கம்பெனிகள் வாங்கிப் போகும். கெட்டிச் சர்க்கரை மாவில் சில சொட்டு பிசைந்தால் போதும், சில நாளில் தானே இளகிப் பாகாகிவிடும். சாக்லேட்டைக் கடித்ததும் உள்ளிருந்து வழிகிறதே, அது இந்தக் கைங்கரியம்தான்.

அண்ணன் லிப்ராதோவின் குளிர்பெட்டியைத் திறந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. அவன் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்பவன். பத்து வருஷச் சர்க்கரை நோயாளி. இன்சுலின் இருந்த இடத்தில் ஒரு புட்டி கண்ணீர்!

"ஊசி மருந்து எங்கண்ணே?"

"தூக்கிப் போட்டுட்டேன். ஊசிய நம்புறவனுக்குத் தேவதை இரங்காதாம். சகோதரர் சொல்லிட்டாரு."

"மீட்டர் நானூத்திப் பன்னெண்டு காட்டுது!"

"வெளிய கிளம்புற நோய் வாசல்ல கொஞ்சம் கூட்டம் போடத்தான் செய்யும், தங்கச்சி. அதுவும் சகோதரர் சொன்னதுதான்."

அவன் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தான். குதிகாலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. இதே நோய்தான் அப்பாவின் காலை வாங்கியது. எர்மீனியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றே சர்க்கரை மாவு பிசைந்தாள். அவளுக்குச் செய்ய வருவது பன்றி ஒன்றுதான். செய்தாள். கண்ணில் ஊசியால் இரண்டு துளை. அடுத்த செபத்தின் முதல் நாள், காய்ந்த பன்றியைத் தேவதைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சகோதரரே, இதுவும் செபத்துல கலந்துக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. காசிமிரோவும் பெருந்தன்மையாய்ச் சிரித்தார். "வை மகளே. பக்கத்துல இருந்தா மட்டும் பன்னிக்குப் பரிசுத்தம் வந்துடுமா?"

எட்டாம் நாள் காலை. தேவதையின் கண் காய்ந்தே இருந்தது. பன்றி தேம்பித் தேம்பி அழுதது.

"மாதாவே! பன்னி அழுவுது!"

"தேவதைக்கு ஒரு நாள் முந்தியே இரங்கிடுச்சு பாருங்க!"

வரிசை அப்படியே பன்றிப் பக்கம் சாய்ந்தது. ஒருத்தி அதன் வாலில் ரிப்பன் கட்டினாள். பன்றிக்கு மெழுகுவர்த்தி, பன்றிக்குச் சாமந்தி. கரண்டியோடு முதல் ஆளாய் முட்டி போட்டவன் யார்? லிப்ராதோ!

"எந்திரிண்ணே! இதைப் பிசைஞ்சதே நான்தான்! ஈஸ்ட்டுல எடுத்த நொதி!" என்று கத்தினாள் எர்மீனியா.

"அடக்கத்தைப் பாருங்க, அற்புதத்தைக்கூடத் தன் பேர்ல சேர்த்துக்க மாட்டேங்குறா" என்றாள் ரிப்பன்காரி. யாரோ எர்மீனியாவின் பாவாடையைத் தொட்டு முத்தமிட்டார்கள். அவளுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ஒரு புரளியை ஒழிக்கப் போய் இன்னொன்றுக்குக் கோயில் கட்டியாகிவிட்டது!

தேவதைக்கு முன்னால் ஈ, காக்கை இல்லை. காசிமிரோவின் முகம் சிவந்தது. தழுதழுத்த குரல் எங்கோ போயிற்று.

"முட்டாப் பசங்களா! அது அற்புதமில்லடா, நொதி! பத்துச் சொட்டு விடுற இடத்துல இவ இருபது விட்டிருக்கா, அதான் எட்டு நாள்லயே ஒழுகுது! பத்தே பத்து விட்டாத்தான் கச்சிதமா ஒன்பதாம் நாள்..."

வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதம்.

லிப்ராதோ கரண்டியோடு மெல்ல எழுந்தான். "பத்துச் சொட்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னா, சகோதரரே?"

"தே... தேவதை."

லிப்ராதோ நொண்டி நொண்டிப் போய்த் தேவதையின் வயிற்றில் கரண்டியால் ஒரு குத்து விட்டான். மேல் ஓடு நொறுங்கியது. உள்ளே பாதி இளகிய பாகு! கண் வரைக்கும் ஊசித்துளை. அவன் திரும்பிப் பார்த்தபோது சகோதரர் அங்கியைத் தொடைக்கு மேல் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் பறந்துகொண்டிருந்தார். பாதிக் கூட்டம் பின்னால் ஓடியது. மீதிக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

எர்மீனியா அண்ணனை நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போகத் திரும்பினாள். அவன் முணுமுணுக்காமல் சட்டைக் கையைச் சுருட்டியபடியே நடந்தான். அவளுக்கு அங்கேயே அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

ரிப்பன்காரி மட்டும் பின்னாலேயே வந்தாள். "அக்கா, அந்தப் பன்னிய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? எதுக்கும் ஒண்ணு இருக்கட்டுமே."

எர்மீனியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, வெறும் தவிட்டுல போட்டாலே ஈஸ்ட்டு ஒழுங்கா வேலை செய்யுது. அவ்வளவு பெரிய மண்டைக்குள்ள இருந்துக்கிட்டு உன் மூளைக்கு என்னம்மா கேடு?"