பதின்மூன்றாம் இடத்துத் தீர்க்கதரிசி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லூரிக் கால்பந்தின் தரப்பட்டியல் வந்தது. டன்ஹேவன் கல்லூரியின் கோவேறு கழுதைகளுக்குப் பதின்மூன்றாம் இடம். பட்டத்துக்கான கடைசிச் சுற்றுக்குப் போவதோ பன்னிரண்டு அணி. அவ்வளவுதான், அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. (கால்பந்து அணிக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட ஒருத்தர் இப்போது டென்னசியில் குடியிருக்கிறார்.)

ஹோய்ட்டின் சுட்டகறிக் கடையில் கூட்டம் நெரிந்தது.

"நாம தோத்தது ரெண்டே ரெண்டு ஆட்டம்! பன்னிரண்டாவது எடத்துல குந்தியிருக்கானே, அவனும் ரெண்டுதான்யா தோத்திருக்கான்!" என்று மேஜையைக் குத்தினான் டயர்க் கடை ட்வெயின்.

"அவன் தோத்தது பெரிய பயில்வான்கிட்ட. அது நல்ல தோல்வி. நாம நோஞ்சான்கிட்ட தோத்தோம். அது கெட்ட தோல்வி," என்றான் கடைக்கார ஹோய்ட்.

"தோல்வியில என்னய்யா நல்லது கெட்டது? பேதி புடுங்கினா நல்ல பேதின்னு சொல்லுவியா?"

ட்வெயின் செப்டம்பரிலிருந்து அணிச் சட்டையைத் துவைக்கவில்லை. துவைத்தால் அணி தோற்றுவிடுமாம். இப்போது நவம்பர். அவன் பக்கத்தில் உட்கார்ந்து விலாக்கறி தின்பதற்கே தனியாக ஒரு பக்தி வேண்டும்.

கடைசி மேஜையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. கடை கப்சிப்.

செருமியவர் பிரதர் லெமுவேல். வெள்ளைக் கோட்டு, பழுத்த தலை, இடது காதில் காது கேட்கும் கருவி. முன்பு வீடு வீடாக இடிதாங்கி விற்றவர். அதற்கு முன்னால் எந்த ஊரில், எந்தப் பெயரில், என்ன விற்றாரோ, அது ஆண்டவருக்கே வெளிச்சம். இந்தப் பருவத்தில் அவர் விற்பது தரிசனம். ஹோய்ட்டின் பெரிய டிவியில் பந்து இன்னும் தரையில் கிடக்கும்போதே, கண்ணை மூடி, கையைத் தூக்கி, "உள்ளே போகுது!" என்பார். போகும். "வெளியே!" என்பார். வெளியே போகும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: கடைக்குள் வருகிறவர்கள் செல்போனை வாசல் வாளியில் போட்டுவிட வேண்டும். போன் அலைகள் தரிசனத்தைக் கலைத்துவிடுமாம். அவர் ஜெபித்துக் கொடுத்த துண்டு ஒன்று இருபது டாலர். தோளில் அது இல்லாதவனைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"சனிக்கிழமை கார்வின் கல்லூரியை ஜெயிச்சா, பன்னிரண்டாம் எடம் எனக்குத் தெரியுது. தோத்தா, தெரியல," என்றார் பிரதர்.

"ஆமென்!" என்றது கடை. ஜெயித்தால் மேலே போவோம், தோற்றால் கீழே போவோம். இதைச் சொல்ல ஒரு தீர்க்கதரிசி!

"ஆனா அந்தக் கண்ணு இன்னும் ஊருக்குள்ளதான் இருக்கு," என்று பெருமூச்சு விட்டார் அவர்.

எல்லோரும் ராய்ஸ் ப்ரூயிட்டைப் பார்த்தார்கள். ராய்ஸ் தன் தட்டைப் பார்த்தான்.

அந்தக் கண் அவன் பெண்டாட்டி நடீனுடையது.

பெயர்தான் கால்பந்து; அமெரிக்காவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள். கம்பங்களுக்கு நடுவே பந்தைக் காலால் உதைத்துப் புள்ளி எடுப்பவன் அணிக்கு ஒருத்தன்தான். டன்ஹேவனில் அந்த ஒருத்தன் நடீன் பெற்ற பிள்ளை கோல்பி. செப்டம்பரில் அவள் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்த இரண்டு ஆட்டத்திலும் கோல்பி முக்கியமான உதையைத் தவறவிட்டான், அணி தோற்றது. மூன்றாவது ஆட்டத்தன்று அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்துவிட்டாள். கோல்பி எல்லாவற்றையும் உள்ளே போட்டான். போதாதா? "பெத்தவ பார்வை," என்று கண்ணை மூடிச் சொன்னார் பிரதர். நவம்பர் வரைக்கும் அவளைப் பந்துப் பக்கமே திரும்ப விடவில்லை.

வீட்டில் இருந்தால் டிவியைப் போட்டுவிடுவாளாம். அதனால் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் ஹோய்ட்டின் கடை வாசலில், தங்கள் பழைய பிக்கப் வண்டிக்குள், கடைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பார்க்கக் கூடாது, கேட்கவும் கூடாது. உள்ளே பீர் குடிக்கும் ராய்ஸைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவும் ஆள் வேண்டுமே, அந்த வசதியும் இருந்தது.

சனிக்கிழமை கார்வின் ஊரில் ஆட்டம். கடைக்குப் போகிற வழியில் ராய்ஸ் மெதுவாக ஆரம்பித்தான்.

"அடுத்த வாரம் நம்ம மைதானத்துல கடைசி ஆட்டம் இல்ல? கோல்பிகூட நான் மட்டும் நடந்துட்டு வந்துடறேன்."

நடீன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். படிப்பு முடிக்கும் பிள்ளைகள் கடைசி ஆட்டத்தன்று அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வருவார்கள். ஊரே எழுந்து நின்று கைதட்டும். வாழ்க்கையில் ஒரு தடவை. அதற்காக அவள் மஞ்சள் கவுன் எடுத்து வைத்து நாளாகிறது.

"நீ மட்டுமா? அவனைப் பெத்தது நீயா?"

"பிரதர்தான் சொல்றாரு..."

"பிரதருக்குப் பிரசவ வலி வந்துச்சா?"

"கோபப்படாத நடீன். பன்னிரண்டாவது எடம்! என் ஆயுசுல இவ்வளவு கிட்ட வந்ததில்ல. கோல்பி நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

இதில் கொடுமை என்ன தெரியுமா? நடீனுக்கே பாதி நம்பிக்கை இருந்தது. கோல்பி போனில், "அம்மா, தப்பா உதைச்சது என் கால், நீ பேசாம வா," என்றுதான் சொன்னான். ஆனாலும் ஊரே ஒரு பெண்ணைப் பார்த்து நீ ராசியில்லாதவள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவள் ராத்திரி கண்ணாடியில் தன் கண்ணையே சந்தேகமாகப் பார்க்கத்தான் செய்வாள்.

ஒரு திருட்டுத்தனம் மட்டும் அவளிடம் இருந்தது. முதல் வாரத்திலிருந்தே வண்டி ரேடியோவைக் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்வாள். அணி ஜெயிக்கும். ரேடியோ கணக்கில் சேராது போல என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். அவளும் டன்ஹேவன்காரிதானே!

அன்றும் வைத்தாள். உள்ளூர் ரேடியோவில் வர்ணனைக்காரர் கத்தினார்: "கோல்பி ப்ரூயிட் உதைக்கிறான்... சோள ரொட்டியில வெண்ணெ எறங்கின மாதிரி எறங்குச்சு பாரு!"

சந்தோஷத்தில் நடீனுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. கழிப்பறைக்குக் கடையின் பின்வாசல் வழியாகப் போகலாம், தலைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு. அதுதான் சட்டம். குருடி மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு நடையில் போகும்போது உள்ளேயிருந்து பிரதரின் குரல் கேட்டது:

"எனக்குத் தெரியுது! சோள ரொட்டியில வெண்ணெ எறங்கின மாதிரி... உள்ளே போகுது!"

கூட்டம் மூச்சைப் பிடித்தது. பிறகுதான் டிவியில் ஆரவாரம் கேட்டது, பிறகுதான் கடையில் கூரை பிய்ந்தது.

நடீன் துண்டுக்குள்ளேயே வாயைப் பிளந்தாள். அந்தப் பந்து உள்ளே போய் எவ்வளவு நேரமாச்சு! அவள் வண்டியிலிருந்து இறங்கி, கதவைச் சாத்தி, பின்வாசலுக்கு நடந்தே வந்துவிட்டாளே! அப்போதுதான் ஞாபகம் வந்தது. காசு மிச்சம் பிடிக்க ஹோய்ட் கோடையில் கேபிளை வெட்டிவிட்டு இணையத்தில் டிவி எடுத்தான். படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும், கண்டுக்காதீங்க என்று அவனே சொல்லியிருந்தான். ரேடியோவும் போனும் பிந்துவதில்லை, அதனால்தான் வாசலில் அந்த வாளி! ஆண்டவர் வெண்ணெயும் சோள ரொட்டியுமாகவா பேசுவார்?

வயிற்றெரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைச் சுருட்டி எறிந்துவிட்டு நேராகக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள்.

"ஐயோ! அவ பாக்குறா! மூடுங்கடா அவ கண்ணை!" என்று அலறினான் ட்வெயின்.

"நான் டிவியைப் பாக்கல. உங்களைத்தான் பாக்குறேன். ஒரு விளையாட்டு வெச்சுக்கலாமா? இனிமே ஒவ்வொரு தடவையும் பிரதர் சொல்றதுக்கு முன்னாடி என் வண்டி சொல்லும். நமக்கு நல்லதுன்னா ஒரு ஹாரன். கெட்டதுன்னா ரெண்டு."

கடை சிரித்தது. பிரதர் மட்டும் சிரிக்கவில்லை. "கேலி பண்ணாதே சிஸ்டர்," என்றார்.

"வண்டி என்ன கேலி பண்ணும் பிரதர்? அதுக்கு வாயா இருக்கு?"

போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து ஒரு ஹாரன். டிவியில் ஆட்டக்காரர்கள் இன்னும் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிரதர் அவசரமாக, "ஆங், எனக்கும் தெரியுது, நல்லது!" என்றார். நல்லதுதான் நடந்தது. அடுத்தது இரண்டு ஹாரன். பிரதர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறியது. கார்வின்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். அதற்கப்புறம் பிரதருக்கும் பிக்கப்புக்கும் பந்தயம். பிரதர் முந்தப் பார்ப்பார், ஹாரன் முந்திக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில் அவர் கண்ணை மூடவே மறந்துவிட்டார்.

கூட்டத்துக்குப் புத்தி வந்ததா என்கிறீர்களா? வந்தது. மொத்தமாக எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தி வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ட்வெயின் தன் துண்டை அதன் முன்விளக்கின்மேல் போர்த்தினான்.

"சிஸ்டர் நடீன்! அருள் உங்களுக்குத்தான் எறங்கியிருக்கு! உள்ள வாங்க, பெரிய நாற்காலி உங்களுக்குத்தான்!"

காலையில் ராசியில்லாதவள், சாயங்காலம் சிஸ்டர்! நடீன் நினைத்திருந்தால் அன்றே துண்டு விற்க ஆரம்பித்திருக்கலாம். அவள் கதவைத் திறந்து ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தாள். வர்ணனைக்காரரின் குரல் தெருவெல்லாம் கேட்டது.

"இதான்யா என் அருள். மூணு வார்த்தை கேளுங்க, உங்க பிரதர் பேசற அதே பேச்சு."

ராய்ஸ் கேட்டான். அவன் முகம் சிவந்தது. கூட்டத்தின் ஓரமாக நழுவப் பார்த்த பிரதரைப் பிடித்து, இடது காதிலிருந்து கருவியை இழுத்தான். பின்னாலேயே ஒரு கம்பி வந்தது. கம்பியின் நுனியில், கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டி ரேடியோ வந்து தொங்கியது. அதிலும் அதே குரல்.

"தரிசனம்னா கண்ணுல வரும்னு நெனச்சோம் பிரதர். காதுலயா வருது?" என்றாள் நடீன்.

"ஆண்டவர் எந்த வழியா வேணாலும் பேசுவார்," என்றார் லெமுவேல். கொஞ்சம் யோசித்து, "ரேடியோ வழியாவும்," என்றார்.

அதற்குள் ரேடியோ அலறியது. ஆட்டம் முடியப்போகிறது. டன்ஹேவன் இரண்டு புள்ளி பின்னால். கோல்பிக்குக் கடைசி உதை, உள்ளே போனால் மூன்று புள்ளி, ஜெயம். மொத்தக் கூட்டமும் வண்டியைச் சுற்றி மூச்சடக்கி நின்றது.

"உதைச்சுட்டான்... நல்லாத்தான் போகுது... ஐயோ! எடது கம்பம்! பட்டு வெளியே வந்துடுச்சு! முடிஞ்சது, முடிஞ்சது!"

நடீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை இப்போது அங்கே தனியாகத் தலையைக் குனிந்து நிற்பானே என்றுதான் அவளுக்கு இருந்தது.

திடீரென்று ட்வெயின் துள்ளினான். "டேய்! டிவி! டிவியில இன்னும் உதைக்கலடா! ஓடுங்க!"

ஓடினார்கள். ஆண், பெண், டயர்க் கடைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து ஓடினார்கள். அவரவர் ராசி நாற்காலியைப் பிடித்தார்கள். விரலைப் பின்னிக்கொண்டார்கள். துண்டைச் சுழற்றினார்கள். முடிந்துபோன உதையை உள்ளே போட வைக்க! லெமுவேல் நிதானமாகத் தன் காருக்கு நடந்து போனார். அவரைத் திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

ராய்ஸும் நான்கு எட்டு ஓடினான்.

"ராய்ஸ், நீ எங்க ஓடற?"

நின்றான். "இல்ல... ஒருவேளை..." என்றான். அதற்குமேல் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

நடீன் அவனைத் தாண்டி உள்ளே போய், டிவிக்கு நேர் எதிரே, கண்ணைத் திறந்தபடி நின்றாள். பிள்ளை பந்தை உதைத்தான். அதே இடது கம்பம். அதே மாதிரி வெளியே.

"பாத்தீங்களா! அவ பாத்தா! அதான் போச்சு!" என்று கத்தினான் ட்வெயின்.

"ட்வெயின், அந்தப் பந்து கம்பத்துல பட்டப்ப நீ எங்க நின்ன?"

"வண்டிகிட்ட."

"நான்?"

"நீயும்... வண்டிகிட்ட."

"அப்ப நான் எதைப் பாத்துக்கிட்டிருந்தேன்? உன் மூஞ்சியைத்தான். ராசியில்லாதது எதுன்னு இப்பவாவது தெரிஞ்சுக்கோ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடீன் சிரிக்கவில்லை.

"இந்தக் கடையில உக்காந்து நீங்க பாத்த ஒவ்வொரு உதையும் நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போனது. அதுக்குப் போயி என்னை வண்டிக்குள்ள அடைச்சு வெச்சீங்க. நீங்க ஜெயிச்ச ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் ரேடியோவுல கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை என் பிள்ளை கையைப் புடிச்சு நான் நடப்பேன். தடுக்கறவங்க வந்து என் எதிர்ல நில்லுங்க, உங்களையும் ஒரு பார்வை பாக்குறேன்."

எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டான் ராய்ஸ், வாசலிலிருந்தே.

"வா. உன்னைப் பாத்தா அவன் தப்பா உதைப்பான்னு நான் சொல்லமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை பட்டியலில் கோவேறு கழுதைகளுக்குப் பதினேழாம் இடம். காரணம் என்ன என்று ஹோய்ட்டின் கடையில் பெரிய விவாதம். பிரதரை விரட்டின பாவம் என்றான் ட்வெயின். பலர் தலையாட்டினார்கள். முடிந்துபோன உதையை மாற்ற அன்று ஒரு கடையே விழுந்தடித்து ஓடியதே, அந்த ஓட்டத்தில் பாதியாவது கழுத்துக்கு மேலே ஓடியிருந்தால், கழுதை என்பது அந்த ஊரில் அணியின் பெயராக மட்டும் இருந்திருக்கும்.