பட்டி நோம்பியும் பத்து நிமிஷ டோஸ்ட்டும்

எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு வருஷம் அந்த நம்பிக்கை நீடித்தது. பெண் வீட்டார் தட்டில் மாட்டுத் தீவனத்தை வைத்து, "சாப்பிடுங்க" என்று நான் உபசாரம் செய்த காலையோடு அது முடிந்துபோனது.

(தெரியாமல் வைத்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தெரிந்தேதான் வைத்தேன். வயது எழுபதைத் தாண்டியாயிற்று, இனி யாரிடம் மறைக்க?)

எழுபதுகளின் நடுவில் எனக்கு மலைமேல் மாட்டுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா வேலை. சொந்த ஊர் மீனாட்சிபுரம். வீட்டில் ஆறு மாடுகள், கொஞ்சம் கடலைக்காடு, கொஞ்சம் தென்னை. பால், தயிர், மோர், நெய் என்று வளர்ந்த உடம்பு மலைக்குளிரில் ஹோட்டல் இட்லியைத் தின்று வாடியபோது, காப்பாற்றியவர் எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்த ஞானமுத்து அண்ணன். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் வந்துவிட்டால் அவர் கறி, முட்டையோடு பால், வெண்ணெயையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். அந்த நாற்பது நாளும் அவருக்குக் காலை ஆகாரம் ஒன்றே ஒன்றுதான். வறுத்த நிலக்கடலையைப் பங்களாவின் கைமிஷினில் போட்டு இரண்டு தடவை சுற்றுவார். வெல்லமும் துளி உப்பும் சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் முறுக வாட்டிய ரொட்டியில் தடவுவார். மேலே வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து அடுக்குவார். பத்தே நிமிஷம்.

"ரெண்டு துண்டு உள்ள போச்சுன்னா மத்தியானம் மணியடிக்கிற வரைக்கும் வயிறு வாயத் தொறக்காதுல்லா, தம்பி" என்பார்.

உண்மைதான், திறக்காது. நானும் செய்து பழகினேன். நானும் செய்து பழகினேன் என்றால், அவர் எல்லாம் செய்து தர, நான் தடவப் பழகினேன் என்று பொருள். அதற்கே, ஊருக்குப் போகும்போதெல்லாம் "டோஸ்ட்" என்ற சொல்லை நாக்கைச் சுழற்றிச் சொல்லி அம்மாவை மிரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தை மாதத்துக்கு முன்னால் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெருமாட்டியில் நாச்சிமுத்து என்பவரின் ஒரே மகள் சரசு. காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "சூடா இருக்குதுங்க, பாத்து" என்று சொன்னாள். அவ்வளவுதான் அவள் பேசியது. மலைக்குத் திரும்பிய பின் அந்த மூன்று சொல்லையும் நான் எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்று எழுதினால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை. "மலையில பேனாப் புடிக்கற பையனுக்கு மாட்டு வாசம் ஆகுமான்னு பாக்கோணும்ங்க. நோம்பி கழியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் வீட்டில் பதினோரு மாடுகள். மருமகன் என்று வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுவானோ என்று அவருக்குப் பயம்.

பொங்கலுக்கு மறுநாள் வரும் மாட்டுப் பொங்கல்தான் எங்கள் பக்கம் பட்டி நோம்பி. அன்று கறந்த பாலில் ஒரு சொட்டு வீட்டில் தங்கக்கூடாது. அத்தனையும் மாடுகளைக் காக்கும் மாலகோயில் சாமிக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று பாலும் கிடையாது, தயிரும் கிடையாது, நெய்யும் கிடையாது. சாயங்காலம் மாடு கட்டும் பட்டியில் பொங்கல் வைத்து, மாடுகள் வாய் வைத்த பிறகுதான் அவற்றுக்கென்று எடுத்து வைத்ததை யாரும் தொடலாம். விடிவதற்குள் அப்பாவும் அம்மாவும் பால் கேன்களோடு பக்கத்துத் தோட்டத்து லாரியில் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். முந்தின நாள் மலையிலிருந்து இறங்கிய அலுப்பு என்று சொல்லி நான் காவலுக்கு இருந்துகொண்டேன்.

ஏழரை மணிக்கு வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?"

எட்டிப் பார்த்தால் நாச்சிமுத்து மாமா. கூடவே அவருடைய அக்கா, வள்ளியாத்தாள் பெரியம்மா. அவர்களும் கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் மாற இறங்கிய இடத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதாம்.

"சும்மா பட்டியப் பாத்துட்டுப் போலாமுன்னு வந்தமுங்க, தம்பி" என்றார் மாமா. அந்த "தம்பி"யில் ஒரு கஜ தூரம் இருந்தது.

சும்மாவெல்லாம் யாரும் வருவதில்லை. என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தம் முடிவாகிறவரை எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம். ஆகாரம் என்று ஒன்று உள்ளே போய்விட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அதனால் அவர்களைச் சாப்பிட வைத்துவிட்டால் சரசு எனக்குத்தான் என்று என் இருபத்து நாலு வயது மூளை கணக்குப் போட்டது.

"ஒண்ணும் வேண்டாமுங்க. தண்ணி போதும்" என்றார் மாமா.

"இது சாப்பாடு இல்லீங்க மாமா, டோஸ்ட்டுங்க. பாலில்ல, நெய்யில்ல. எலையில்ல, கொழம்பில்ல. கையே நனையாதுங்க!"

அவர் மீசைக்குள் லேசாகச் சிரித்தார். "கை நனையாத பண்டமா? அப்பக் கொண்டாங்க, பாப்போம்."

மலையிலிருந்து கொண்டுவந்த ரொட்டியை நான் எடுத்து வந்ததும் பெரியம்மா பதறிவிட்டார்.

"ஏந் தம்பி, ஊட்டுல ஆருக்குக் காச்சல்?"

(அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ரொட்டி என்பது மருந்துக்கடைச் சமாச்சாரம். தெம்பாக இருக்கிறவன் ரொட்டி தின்றான் என்று கேள்விப்பட்டால் விசாரிக்க ஆள் வந்துவிடும்.)

சமையலறைக்குள் ஓடினேன். கடலையை வறுத்தேன், அதாவது பாதியை வறுத்து மீதியைக் கருக்கினேன். அம்மியில் போட்டு இழுத்தேன். பங்களா மிஷினில் வெண்ணெய் போல் வழிந்து வந்த கடலை, எங்கள் அம்மியில் ஆற்று மணலாக நாலு திசையிலும் ஓடியது. கால் மணி நேரம் போராடியதில் ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. வெளியே பெரியம்மா, "பஸ்ஸு வந்துருமில்ல?" என்று கேட்பது காதில் விழுந்தது.

அப்போதுதான் மூலையில் இருந்த புதுச்சட்டி கண்ணில் பட்டது. வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தேன். குப்பென்று கடலை வாசம். முந்தின நாள் செக்கிலிருந்து வாங்கி வந்த கடலைப் புண்ணாக்கு, இன்னும் எண்ணெய்ப் பசையோடு பொலபொலவென்று இருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். சின்ன வயதில் செக்கடியில் வெல்லத்தோடு தின்ற அதே ருசி. புண்ணாக்கும் வெல்லமும் தின்னாமல் எங்கள் ஊரில் யார் வளர்ந்தார்கள்? கடலைதானே இதுவும்? எண்ணெய் மட்டும் முன்னாலேயே வேறு வழியில் போய்விட்டது. அவ்வளவுதானே வித்தியாசம்?

(மஞ்சள் துணி எதற்கென்று நான் யோசிக்கவில்லை. எறும்புக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.)

அதன் பிறகு எல்லாம் ஞானமுத்து அண்ணன் வேகத்தில் நடந்தது. புண்ணாக்கை நுணுக்கி, வெல்லம், உப்பு, ஒரு கை வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். ரொட்டியைக் கடலை எண்ணெயில் முறுக வாட்டித் தடவினேன். பூவன்பழத்தை அரிந்து அடுக்கினேன். வரக்காப்பியும் வைத்தேன். பார்வைக்கு அச்சு அசல் பங்களா டோஸ்ட்.

பெரியம்மா விடியற்காலம் வீட்டை விட்டுக் கிளம்பியவர், பசி. பெரிய வாயாகக் கடித்தார். கடித்ததுதான் தெரியும், அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. புண்ணாக்கு மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எங்கள் பட்டியில் மாடுகள் அசைபோடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

மாமா நிதானமாக ஒரு விள்ளல் கடித்தார். மென்றார். நிறுத்தினார். ரொட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"எண்ணெ நல்லா நிக்குதுங்களே" என்றார். "செக்குப் புண்ணாக்குங்களா?"

அந்த நிமிஷத்தில் பூமி பிளந்திருந்தால் நானே முதலில் குதித்திருப்பேன். பதினோரு மாடு வைத்திருக்கிற மனிதருக்குப் புண்ணாக்கு தெரியாமலா இருக்கும்? பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாங்க மாமா."

பெரியம்மா காப்பியை ஊற்றி வாயைக் கழுவி ஒருவழியாக நாக்கை விடுவித்துக்கொண்டார். "புண்ணாக்கா! பட்டி நோம்பியும் அதுவுமா எந்தப் புண்ணாக்கு?" என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள் துணி தரையில் கிடந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அட பாவி! பட்டிக்கு எடுத்து வெச்சதுங்க! மாடு வாய் வெக்கறதுக்கு முன்னால நம்ம வாயில வெச்சுப்போட்டானே! எந்திரி நாச்சிமுத்து. இந்த ஊடும் வேண்டாம், இந்தச் சகுனமும் வேண்டாம். இன்னைக்குப் போயி மாடு பங்கத் தின்னுபோட்டு, எந்த மூஞ்சியோட கோயல்ல நிக்கறது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உண்மையாகவே. சரசு, டம்ளர், "பாத்து" எல்லாம் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

மாமா எழுந்திருக்கவில்லை. கையில் பாதி டோஸ்ட் இருந்தது. "தம்பி, எங்க தட்டுல வெக்கறதுக்கு முன்னால நீங்க தின்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தனுங்க. பூசணம் புடிச்சிருக்குதோன்னு ஒரு துண்டு போட்டுப் பாத்துட்டுத்தானுங்க எடுத்தேன்."

மாமா தன் கையிலிருந்ததையும் தட்டில் தொடாமல் இருந்த ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு நேராகப் பட்டிக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

எங்கள் மாடுகளில் மூத்தது செவலை. வேற்றாளைக் கிட்டே அண்டவிடாது. "நீங்களே குடுங்க" என்று மாமா முழுத்துண்டை என் கையில் கொடுத்தார். கொம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நீட்டினேன். செவலை முகர்ந்தது. நாக்கை நீட்டி, வாழைப்பழத்தையும் புண்ணாக்கையும் ஒரே வழிப்பாக வழித்துத் தின்றது. பிறகு ரொட்டியை மட்டும் பக்குவமாகக் கீழே தள்ளிவிட்டு, என் கழுத்தில் மூச்சு விட்டு, சட்டையை நக்க ஆரம்பித்தது. சட்டை பூராவும் எச்சில். நான் நகரவில்லை. பழக்கம்தானே.

பெரியம்மா குனிந்து கீழே கிடந்த ரொட்டியைப் பார்த்தார். "மாட்டுக்கே புடிக்கல அந்தக் காச்சப் பண்டம்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "செரி போ. அது வாய் வெச்சிருச்சு. இனி நாம என்ன சொல்றது" என்றார்.

மாமா தன் கையில் மீதியிருந்த பாதியை வாயில் போட்டு மெதுவாக மென்று விழுங்கினார். தொட்டியடிக்குப் போனார். செம்பில் தண்ணீர் மொண்டு, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை நனைத்து, அவசரமே இல்லாமல் கழுவினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. அப்பன் வந்தா, வந்துட்டுப் போனமுன்னு சொல்லுங்க, மாப்ள" என்றார்.

மாப்ள! அதற்குப் பிறகு அன்று முழுவதும் என்னிடம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. சட்டியைத் திறந்து பார்த்த அம்மா என்ன சொன்னாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதை எழுத முடியாது.

கல்யாணத்துக்குப் பிறகு சரசுதான் ஒருநாள் சொன்னாள். அன்று காலை பஸ் ஏறும்முன் அவள் அப்பாவிடம், "அங்க கை நனைக்காம வந்தறாதீங்கப்பா" என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் கடைசிப் பாதியைத் தின்றாரா, செவலை என் சட்டையை நக்கியதனாலா என்று நான் மாமாவைப் பல தடவை கேட்டேன். "பசிங்க மாப்ள" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் பந்தியில் நான் உட்கார்ந்தால், "மாப்ள எலைக்குப் புண்ணாக்கு வந்துருச்சா?" என்று யாராவது ஒருவர் குரல் கொடுக்காமல் இருந்ததில்லை. என் பேரன்கூடக் காலையில் ரொட்டியைப் பார்த்தால், "யாருக்குக் காய்ச்சல்?" என்றுதான் கேட்கிறான். மாமா ஒவ்வொரு பட்டி நோம்பிக்கு மறுநாளும் துண்டில் முடிந்து செக்குப் புண்ணாக்கு ஒரு கட்டி கொண்டுவருவார். என் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வைத்து, "மொதல்ல நீங்க பாருங்க" என்பார். நானும் தின்று பார்த்து, "எண்ணெ நல்லா நிக்குதுங்க" என்பேன்.

மாமா போய் இது முதல் வருஷம். பட்டி நோம்பிக்கு மறுநாள் காலை, ரொட்டியும் கடலையும் வாழைப்பழமும் வைத்துச் சரசு தட்டைக் கொண்டுவந்தாள். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு புண்ணாக்கு.

வாயில் போட்டேன். கடை மிஷினில் பிழிந்தது, சக்கையாக இருந்தது.

"எண்ணெ நிக்கலியே, சரசு."

"அதெப்படி நிக்கும்?" என்றாள். "அப்பாதான் செக்குத் தேடிப் போவாரு."

பிறகு காப்பி டம்ளரை என் கையில் கொடுத்தாள். "சூடா இருக்குதுங்க, பாத்து."