நட்புறவுக் கைகுலுக்கியார்

இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டால் பக்கத்தில் நிற்கும் மூன்றாவது ஆளுக்கு என்ன கிடைக்கும்? எங்கள் மலையூர் பாக்சோங்கின் சந்தையில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, காபி விளைவிக்கிற சன்சமோன் அக்கா இப்படிக் கேட்டார். யாரை மனத்தில் வைத்துக் கேட்கிறார் என்பது சந்தைக்கே தெரிந்திருந்தது. அதனால் எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

கைகுலுக்கியார் என்றொரு இனம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் இருக்கிறது, எந்தக் குளிரிலும் வெயிலிலும் செழிக்கிறது. யானைக்குத் தும்பிக்கை எப்படியோ அப்படித்தான் இவருக்கு வலது கை. அந்தக் கையை நீட்டுவார், எதிரில் நிற்பவரின் கையைப் பிடிப்பார், பிடித்த மறுகணமே அந்த ஆளை மறந்துவிட்டு முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பிக்கொள்வார். வெளிச்சம் மின்னும் வரை விடமாட்டார். மின்னிய பிறகும் விடமாட்டார். யாராவது கண்ணை மூடியிருந்தால்? இன்னொன்று எடுக்க வேண்டாமா?

எங்கள் பீடபூமியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி புன்தவி ஐயா. வெளிநாட்டு நட்புறவுக்கும் பொருளாதார ஒத்துழைப்புக்குமான அலுவலகத்தின் தலைவராக உட்கார்ந்திருப்பவர். உட்கார்ந்திருப்பவர் என்பதுகூடச் சரியில்லை, அந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஐயா ஏதாவதொரு நாட்டுக்குப் போயிருப்பார், அல்லது ஏதாவதொரு நாட்டை வரவேற்க விமான நிலையத்துக்குப் போயிருப்பார். போய்வந்த நாடுகளிலெல்லாம் சிவப்பு உறை போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடலையே பார்க்காத எங்கள் நாட்டு மக்களின் சார்பில், கடலே இல்லாத இன்னொரு நாட்டுக்காரர்களோடு, துறைமுக வளர்ச்சி பற்றி ஒன்று. உற்சாகத்தில் போட்டுவிட்டார். அவர்களும் உற்சாகத்தில்தான் போட்டார்கள். அந்தத் துறைமுகம் மட்டும் இன்னும் உற்சாகம் அடையவில்லை.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பைசா தொடமாட்டார். பரிசாக வந்த கடிகாரம், தட்டு, கண்ணாடிக்குள் அடைத்த பாலம் எல்லாவற்றையும் அலுவலக அலமாரியில் வரிசையாக வைத்துத் தாமே துடைப்பார். கைகுலுக்கினால் நாடு முன்னேறும் என்று மனதார நம்புகிறவர். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் ஐயா வீட்டில் உயிரழைக்கும் சடங்கு நடக்கும். மனிதனுக்கு உடம்பில் முப்பத்திரண்டு உயிர்கள் என்பது எங்கள் கணக்கு. தூரம் தொலைவு போனால், பயந்தால், களைத்தால், அதில் ஒன்றிரண்டு வழிதவறி எங்காவது தங்கிவிடும். சாமந்திப் பூவும் வாழையிலையும் வைத்துக் கூம்பு கட்டி, மந்திரக்காரர் கூப்பிட்டு, சொந்தபந்தமெல்லாம் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினால்தான் தவறிய உயிர் திரும்பி வந்து தங்கும். புன்தவி ஐயாவின் உயிர்களோ உலகத்தின் பாதி விமான நிலையங்களில் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தன. நூல் கட்டும்போது அவர் மனைவி ஒருமுறை சலித்துக்கொள்ளாமல் கேட்டாராம்: "முப்பத்திரண்டுல இந்தத் தடவை எத்தனை வீட்டுக்கு வந்திருக்கு? சோறு அதுக்குத் தகுந்த மாதிரி வைக்கணுமே."

இப்படிப்பட்டவர் கையில்தான் சன்சமோன் அக்காவின் தலையெழுத்து வந்து சிக்கியது.

அக்கா அந்த வருஷம் ஒரு வம்பை விலைக்கு வாங்கியிருந்தார். எங்கள் ஊரில் காபிப் பழத்தைப் பச்சையும் சிவப்புமாக உருவி மூட்டையில் கொட்டிவிடுவோம். வியாபாரியின் லாரி வரும், அவன் சொன்னதே விலை. அக்கா பிடிவாதமாக வீடு வீடாகப் போய், பழுத்ததை மட்டும் பறியுங்கள், மூங்கில் பரணில் பரப்பிப் பொறுமையாகக் காயவையுங்கள், நல்ல காபியை நல்ல விலைக்கு வாங்க வெளியிலிருந்து ஆள் வரும் என்று சொல்லியிருந்தார். ஊரும் நம்பிச் செய்துவிட்டது. காபியும் ஏறக்குறைய காய்ந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. வியாபாரியின் லாரி மறுநாள் காலையில் வருவதாக இருந்தது. அதற்குள் யாரும் வாங்காவிட்டால் அத்தனையும் பழைய விலைக்கே போகும், அடுத்த வருஷம் அக்கா பேச்சை ஊரில் கோழிகூடக் கேட்காது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒரு மலைநகரத்தின் நட்புறவுக் குழு வருகிறது என்ற செய்தி வந்தது. அந்தக் குழுவில் காபி வறுத்து விற்கிற குராமோச்சி என்பவரும் இருக்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர் வியேங்கம் மூலம் அக்காவுக்குத் தெரிந்தது. உடனே அலுவலகத்துக்கு ஓடினார். வரவேற்பு நடக்கிற மண்டபத்திலிருந்து அக்காவின் களம் மேட்டுக்குப் பின்னால்தான், காரில் பத்து நிமிடம். அரைமணி நேரம் அவரை அனுப்பிவைத்தால் போதும் என்று கெஞ்சினார்.

புன்தவி ஐயா அவரை உட்காரவைத்து, மிக அன்பாக மறுத்தார்.

"தங்கச்சி, வந்ததும் வராததுமா வியாபாரம் பேசினா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? முதல்ல நட்பு வேரு பிடிக்கட்டும்."

"வேரு பிடிக்கிற வரைக்கும் லாரிக்காரன் நிப்பானா அண்ணே?"

ஐயா சிரித்துக்கொண்டே நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். வரவேற்புரை, மறுமொழியுரை, பரிசு பரிமாற்றம், படம், உயிரழைக்கும் சடங்கு, விருந்து, மறுபடி படம். இடையில் ஒரு மூச்சு விடக்கூட இடமில்லை. அக்கா எழுந்து வந்துவிட்டார்.

சற்று நேரத்தில் குழு வந்திறங்கியது. அன்றைக்குப் பனி அப்படி இறங்கியிருந்ததால் மண்டபத்துக்கு முன்னால் கட்டியிருந்த இரண்டு நாட்டுக் கொடிகளும் எது எது என்று தெரியவில்லை. முதல் காரிலிருந்து குழுத் தலைவர் ஹிரனுமா இறங்கினார். புன்தவி ஐயா கையை நீட்டினார். ஹிரனுமா பிடித்தார். இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பினார்கள்.

அந்தக் கணத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவரும் இந்த இனம்தான்.

படம் எடுத்தாயிற்று. கை விடுபடவில்லை. முதலில் விடுவது மரியாதைக் குறைவு என்று இவர் பிடித்திருந்தார், அதையே நினைத்து அவரும் பிடித்திருந்தார். கேமராக்காரர்கள் இருவரும் இடம் மாறி நின்று இன்னொரு சுற்று எடுத்தார்கள். பின்னால் இறங்கியவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இரண்டு தலைவர்களும் பிடித்த கை பிடித்தபடியே படியேறி, கதவு குறுகலாக இருந்ததால் பக்கவாட்டில் நுழைந்து, உள்ளே போய்த்தான் பிரிந்தார்கள்.

குராமோச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. அவருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? எங்கள் காபிச் செடிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து நாட்டிலிருந்து வந்த, பாலும் சர்க்கரையும் தூளும் முன்கூட்டியே கலந்த பொட்டலக் காபி. வெளிநாட்டு விருந்தாளிக்கு உள்ளூர்ச் சரக்கைக் கொடுத்தால் மதிப்பா? குராமோச்சி ஒரு வாய் குடித்தார். பிறகு கோப்பையை ரொம்ப மரியாதையாக மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளி வைத்தார்.

புன்தவி ஐயாவின் வரவேற்புரையில் 'புதிய அத்தியாயம்' வந்தது, 'இருதரப்பும் பயன்பெறும்' வந்தது, 'மலையும் மலையும் கைகோத்தன' என்று ஒன்று புதிதாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து நடக்கவிருந்த சடங்கை விளக்குகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். தம் சொந்த அனுபவமாயிற்றே, நிறுத்த மனம் வரவில்லை. முப்பத்திரண்டில் ஒரே ஒரு உயிர் குறைந்தாலும் சோறு இறங்காது என்றார். தூக்கம் வராது என்றார். ஓர் உயிரை அயலூரில் விட்டுவிட்டு விமானம் ஏறுவதைப் போல முட்டாள்தனம் எதுவும் கிடையாது, எங்கள் மண்ணில் எந்த விருந்தாளியையும் அப்படி அனுப்பமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். ஜப்பானியர்கள் கலவரத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மந்திரக்காரர் உயிர்களைக் கூப்பிட்டு முடித்தார். நூல் கட்டும் நேரம் வந்தது. இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. நூலை யார் வேண்டுமானாலும் கட்டலாம், அழைப்புத் தேவையில்லை, வருகிறவரைத் தடுக்கக்கூடாது, வாழ்த்தை நடுவில் நிறுத்தவும் கூடாது. ஒவ்வொரு துறைத் தலைவரும் கட்டினார், துணைத் தலைவரும் கட்டினார், துணைக்குத் துணையும் கட்டினார். ஹிரனுமாவின் கை முழங்கை வரைக்கும் கட்டுப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. விரித்த உள்ளங்கையில் முட்டையும் வாழைப்பழமும் ஒட்டரிசி உருண்டையும் வைத்துக்கொண்டே போனார்கள்.

அந்த வரிசையில், தோளில் நல்ல சால்வையோடு, சன்சமோன் அக்கா நின்றார்.

புன்தவி ஐயா பார்த்தார். ஒன்றும் சொல்ல முடியாதே! புன்னகைத்தார். அக்கா பெரியவர்களையெல்லாம் தாண்டிப் போய், கடைசியில் உட்கார்ந்திருந்த குராமோச்சியின் முன் மண்டியிட்டார். அவர் உள்ளங்கையில் முட்டைக்குப் பதிலாகத் தோல் நீக்கிய காபிக் கொட்டை ஒரு பிடி வைத்தார். நூலை மணிக்கட்டில் சுற்றியபடி நிதானமாக வாழ்த்தினார்.

"உடம்பு நல்லா இருக்கட்டும். நீண்ட ஆயுசு கிடைக்கட்டும். நினைச்சது நடக்கட்டும். ஆனா ஐயா, உங்க உயிர்ல ஒண்ணு மட்டும் இங்க வரலை. மேட்டுக்குப் பின்னால எங்க காபி காயுற களத்துல போய் உக்காந்திருக்கு. கூப்பிட்டுப் பாத்தோம், வாசனைய விட்டு நகரமாட்டேங்குது. நீங்களே வந்துதான் கூட்டிட்டுப் போகணும்."

வியேங்கம் இதை மொழிபெயர்க்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். குராமோச்சி கையிலிருந்த கொட்டையை முகர்ந்தார். ஒன்றைக் கடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி முகர்ந்தார்.

புன்தவி ஐயாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உயிர் ஒன்றும் அங்கே போகவில்லை என்று எப்படிச் சொல்வது? சற்றுமுன் வாக்குக் கொடுத்தவரே அவர்தான். உதவி கேட்டு மந்திரக்காரரைப் பார்த்தார். மந்திரக்காரருக்குத் தாம் கூப்பிட்டதில் ஒன்று குறைந்தது என்றால் கௌரவக் குறைவு. ஆனால் அவர் மருமகனின் காபியும் அதே களத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தது.

"குளிர் நாளாச்சே," என்றார் மந்திரக்காரர். "போயிருக்கும். சூடான இடமாப் பாத்துத்தான் போகும்."

குராமோச்சி எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து ஹிரனுமாவும் எழுந்தார். குழு உறுப்பினர் ஒருவரின் உயிரை விட்டுவிட்டு ஊர் திரும்பினால் அறிக்கையில் என்னவென்று எழுதுவது? புன்தவி ஐயா நொடியில் சுதாரித்துக்கொண்டு, இது நிகழ்ச்சி நிரலில் களப்பயணம் என்ற பெயரில் ஏற்கெனவே யோசிக்கப்பட்டதுதான் என்று அறிவித்தார். விருந்து ஆறிக்கொண்டிருக்க, கார்கள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு பனிக்குள் புறப்பட்டன.

களத்தில் பெண்கள் பரணில் கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். குராமோச்சி கோட்டைக் கழற்றி மூங்கிலில் மாட்டினார். பரண் பரணாகக் குனிந்து, அள்ளி, முகர்ந்து, எத்தனை நாள் காய்ந்தது, இரவில் எதைப் போட்டு மூடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அக்கா சொல்லச் சொல்ல வியேங்கத்துக்கு மூச்சு வாங்கியது. இரும்புச் சட்டியில் ஒரு பிடி வறுத்து, இடித்து, வடித்துக் கொடுத்தார்கள். குராமோச்சி குடித்துவிட்டு இன்னொரு கோப்பைக்குக் கை நீட்டினார். அக்கா தன் சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு குராமோச்சி மெல்ல ஏதோ சொன்னார்.

"இந்தக் களத்துல இருக்கறதை வேற யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்றார் அக்கா," என்றார் வியேங்கம். "விலை நீங்க சொல்லுங்கன்னு கேக்கறார்."

அக்கா உடனே சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்தடவை அந்தக் கேள்வி அவர் பக்கம் வந்திருந்தது. கொஞ்ச நேரம் அதை அனுபவித்துவிட்டுத்தான் சொன்னார்.

அப்போது நம் கைகுலுக்கியார்கள் இருவரும் எங்கே? நடுப் பரணுக்கு முன்னால் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். பின்னணி அழகாக இருந்தது, ஆனால் இரண்டு பேர் குறுக்கே நின்று ஏதோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் ஒதுங்கி நிற்க முடியுமா என்று கேமராக்காரர் கேட்டார். குராமோச்சியும் அக்காவும் ஒதுங்கி நின்றார்கள். வெளிச்சம் மின்னியது.

காபி மூட்டைகள் புறப்படுகிற நாளில் கொடியசைத்து அனுப்பவேண்டும் என்று புன்தவி ஐயா ஆள் அனுப்பியிருந்தார். பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் காத்திருக்காது என்று அக்கா விடியும் முன்பே லாரியை அனுப்பிவிட்டார். ஐயா கொடியோடும் கூட்டத்தோடும் வந்து சேர்ந்தபோது சாலையில் ஒரு முட்டைக்கோஸ் லாரிதான் நின்றது. விழாவை எப்படி ரத்து செய்வது? அதற்கு மாலை போட்டு, 'புதிய அத்தியாயம்' சொல்லி, கொடியை அசைத்தார். ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தன்னை இத்தனை பேர் வழியனுப்புவது இதுதான் முதல்தடவை என்பதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தபடி சந்தைக்குப் போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன கல்யாணத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்ததும் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டீர்களே, அவன் இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டீர்களா? 'நாம சேர்ந்து ஏதாவது பண்ணணும்' என்று ஒரே ஆளிடம் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? 'கட்டாயம் வீட்டுக்கு வாங்க' என்று சொல்லிவிட்டு, முகவரி சொல்வதற்குள் பேருந்து ஏறிவிட்டது யார்?

எனவே ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்த கைகுலுக்கியார் ஒருவருக்குக் கட்டாயம் அனுப்பிவையுங்கள். ஒருவேளை இது உங்கள் கைக்கே யாரோ அனுப்பித்தான் வந்திருந்தால், ஏன் அனுப்பினார் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். சத்தம் காட்டாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுங்கள்.