நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பெண்

அச்சகத்தில் அவரை எல்லோரும் 'ஒற்றர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாவம், யாரையும் வேவு பார்த்ததில்லை, புரூஃப் பார்ப்பவர். ஒரு 'க்' விட்டுப்போனாலும் மூக்கில் வேர்க்கும். ஒரு 'ப்' கூடிப்போனாலும் சாப்பாடு இறங்காது. இருபத்திரண்டு வருஷம் ஊரார் எழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்தே தேய்ந்துபோன மனுஷர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"விருது ஒண்ணு ஆரம்பிக்கப்போறேன்."

"யாருக்கு?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"பதிப்பகம் எதுவும் சீந்தாம, சொந்தமா நாவல் போட்டு வீட்டுக் கட்டிலுக்கடியில அடுக்கி வெச்சிருக்காங்களே, அவங்கள்ல சிறந்தவருக்கு."

"நல்ல காரியம். நீங்க கொடுக்கப்போறீங்களா, வாங்கப்போறீங்களா?"

ஒற்றருக்குப் பகீரென்றது. ஏனென்றால் அவருடைய திட்டமே அதுதான். கட்டிலுக்கடியில் அவருக்கும் ஒரு நாவல் இருந்தது.

அச்சகத்தில் மிஞ்சிய காகிதத்தில் அடித்தது. பதினாறு பக்க ஃபாரம் ஏழு போடத்தான் காகிதம் இருந்தது. ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு. கதையோ நூற்றுப் பத்தாம் பக்கத்தில்தான் சூடு பிடித்தது. கதாநாயகி ஒரு தையல்காரி. அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. 'அவள் ஏரியை நோக்கி நடந்தாள். திரும்பவில்லை' என்று கடைசிப் பக்கத்தில் இரண்டே வாக்கியத்தில் ஆளை முடித்துவிட்டார். காகிதம் தீர்ந்தது, தையல்காரியும் தீர்ந்தாள்.

விருதுக்கு நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் நூலகர் அம்மாள். இன்றைக்கு மழை வருமா என்பதில்கூட இருவருக்கும் ஒத்துவராது. 'விருதை நடத்துபவரும் அவர் குடும்பத்தாரும் கலந்துகொள்ளக் கூடாது' என்று டாக்டர் ஒரு விதி எழுதி அனுப்பியிருந்தார். ஒற்றர் சிவப்பு மையால் அதை ஒரே இழுப்பில் அடித்தார். "இலக்கியத்துக்கு ஏதுங்க டாக்டர் குடும்பம்?" என்று ஃபோனில் முழங்கவும் முழங்கினார்.

வந்தவை நாற்பத்தொரு நாவல்கள். பெயர் தெரியக்கூடாது என்பதால் முதல் தாளைக் கிழித்து, பழுப்புக் காகித அட்டை போட்டு, எண் ஒட்டும் பொறுப்பு மனைவிக்கு. அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆயிரம் பேர் ரத்தத்துக்கு எண் ஒட்டிய கை. பெயர்களை உறையில் போட்டு ஒட்டி டாக்டரிடம் கொடுத்துவிட்டாள். தபாலில் வந்ததுபோல ஒற்றர் நுழைத்துவிட்ட புத்தகத்துக்கு எண் முப்பத்து மூன்று விழுந்தது.

புத்தகங்களைப் பின்னறை அலமாரியில் அடுக்கிப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டாத குறையாக வைத்துக்கொண்டார். முதல் சுற்றில் பத்தைத் தேர்ந்தெடுத்து நடுவர்களுக்கு அனுப்ப வேண்டியது அவர் வேலை.

மூன்றாம் நாள் சாயங்காலம் முப்பத்து மூன்றை ஆசையோடு எடுத்துப் புரட்டினார். நாற்பதாம் பக்க ஓரத்தில் நீல மையில் ஏதோ எழுதியிருந்தது.

'இங்கே என்னை இடது கைக்காரி என்கிறீர்கள்.'

எழுபத்தேழாம் பக்கத்தில் இன்னொன்று.

'இங்கே வலது கையில் கத்தரிக்கோல் பிடிக்கிறேன். எது உண்மை?'

எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. எழுதிய கை மையின் மேலேயே தேய்த்துக்கொண்டு போன தடமும் இருந்தது. இடது கை எழுத்து. மனைவி வலது கைக்காரி. அவள் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும்.

அலமாரியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். சாவி அவரிடமே இருந்தது.

மறுநாள் தொண்ணூறாம் பக்கம். 'இங்கே ப் வராது.'

ஒற்றர் வாக்கியத்தை மூன்று தடவை படித்தார். வராதுதான். பேய்க்குப் பயப்படுவதா, பிழைக்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றார். இரண்டையும் செய்தார்.

அதற்கடுத்த நாள் கடைசிப் பக்கம். தாளின் கீழ்ப்பாதி ஈரமாக இருந்தது. முகர்ந்தார். பாசி வாசனை.

'ஃபாரம் தீர்ந்துவிட்டால் ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடுவீர்களா?'

புத்தகத்தைக் கீழே போட்டார். காகிதம் ஏழு ஃபாரத்துக்குத்தான் இருந்தது என்பதை அவர் ஒரு உயிருக்கும் சொன்னதில்லை.

"என்னங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கு? ரத்தம் எடுத்துப் பார்த்துடவா?" என்றாள் மனைவி.

"வேண்டாம். இருக்கறதே கொஞ்சம்தான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி வேலைக்குப் போனதும் பின்னறைக் கதவை வெளியிலிருந்து சாத்தி, அதன்மேல் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் என்ன வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார். சொல்லி முடிக்குமுன் உள்ளே சத்தம் கேட்டது.

கறக். கறக். கறக்.

துணியை வெட்டும் கத்தரிக்கோல்.

பிறகு தாள் புரளும் சத்தம். பிறகு தரையில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

காலைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். சத்தம் நின்று வெகுநேரம் கழித்து, வராத சாமியையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு, கதவைத் திறந்தார். ஆள் இல்லை. அலமாரி பூட்டியபடியே இருந்தது. திறந்தார். முப்பத்து மூன்று மட்டும் விரிந்து கிடந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டே சொல், மை ஊறிப் பரவியிருந்தது.

'மூச்சு முட்டுகிறது.'

மனைவி வீடு திரும்பியபோது ஒற்றர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"முப்பத்து மூணைப் போட்டியிலேர்ந்து எடுத்துடு."

"ஏன்? யாரோடது அது?"

"என்னோடது" என்றார். ஒரு பொய் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை.

"தெரியுமே."

"எப்படி?"

"நம்ம வீட்டு முகவரியிலேர்ந்து நம்ம வீட்டுக்கே தபால் வந்தா எனக்குத் தெரியாதா? வேற காரணம் எதுவும் இல்லையே?"

"ஒரு காரணமும் இல்லை. நேர்மை!" என்றார், பின்னறைப் பக்கம் பார்க்காமல். "அந்த அறைக்கு இனிமே நான் போகமாட்டேன். பத்துப் புத்தகத்தை நீயே எடுத்து அனுப்பிடு."

"சரிங்க" என்றாள் அவள், ரொம்பப் பணிவாக. கல்யாணமான நாளிலிருந்து அவள் பணிந்துபோன தடவைகளை எண்ண ஒரு கை போதும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது. அன்றைக்கு இருந்த கலக்கத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை.

விருது விழா நூலகத்தின் வாசிப்பறையில் நடந்தது. அறுபது நாற்காலி, நாற்பது பேர், அதில் முப்பத்தெட்டு பேர் போட்டியிட்டவர்கள். டாக்டர் எழுந்தார்.

"எனக்கும் அம்மாளுக்கும் எதிலுமே ஒத்துவராது. இதில் வந்தது. ஒன்பதாம் எண். பொறாமையா இருக்கு, அப்படியொரு நாவல். ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது. புரூஃப் பார்த்தவர் மகா கெட்டிக்காரர்."

தன் தொழில்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு பாராட்டா என்று ஒற்றர் முதல் ஆளாகக் கை தட்டினார்.

டாக்டர் உறையைப் பிரித்தார். தாளைப் பார்த்தார். ஒற்றரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இது உங்க வீட்டு முகவரியாச்சே!"

மூன்றாம் வரிசையில் மனைவி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

மேடைக்கு வந்தவளிடம் ஒற்றர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "குடும்பத்தார் கலந்துக்கக் கூடாதுன்னு விதி..."

"அதை அடிச்சது யாரு?"

"எங்கடி அச்சடிச்சே?"

"உங்க அச்சகத்துலதான். முதலாளிகிட்ட பேர் போடாம கொடுத்தேன். போன மாசம் நீங்கதான் புரூஃப் பார்த்தீங்க. பதினாலு 'க்' போட்டீங்க. ரொம்ப நன்றிங்க."

அவர் எழுத்தைப் பார்ப்பாரே தவிர என்றைக்குக் கதையைப் பார்த்திருக்கிறார்? விருதைத் தன் கையாலேயே கொடுத்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பாதி வழிவரை உர்ரென்று வந்தவருக்குத் திடீரென்று எல்லாம் வெளிச்சமானது. சாவிக்கு இன்னொரு சாவி செய்யத் தெரியாதவளா இவள்? ஃபாரக் கணக்கை முதலாளியிடம் கேட்டிருப்பாள். வேலைக்குப் போகுமுன்னே எழுதி, தண்ணீர் தெளித்து வைத்திருப்பாள். கத்தரிக்கோல் சத்தம்? அது அவருடைய பயம் வெட்டியது. நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. தோற்றதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

"கெட்டிக்காரிதான், ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அதையெல்லாம் எழுத இடது கையை எப்போ பழக்கினே?"

"எதையெல்லாம்?"

"நடிக்காதே. முப்பத்து மூணுல ஓரமெல்லாம் அந்தத் தையல்காரி எழுதற மாதிரியே எழுதி என்னைக் கலங்கடிச்சியே!"

அவள் நின்றுவிட்டாள். விருதைக் கைமாற்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் விளையாட்டே இல்லை.

"உங்க நாவல்ல தையல்காரி வேற வர்றாளா? நான் மூணாம் பக்கத்துலயே தூங்கிட்டேனே!"