மாமா வந்தபோது அறைக்குள் இருந்தது யார்?

பூனைக்குட்டி கடிப்பதில் ஒரு பிழையும் இல்லை. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற வயதில் ஒருவன் அந்தக் கடியைக் கையிலும் கழுத்திலும் வாங்கிக்கொண்டு திரிவதுதான் பிழை. அப்படித் திரிந்த மடையன் நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேணில், ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு பலகை வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தேன். பகலில் தொழிற்சாலையொன்றில் பொறியியலாளர். மாலையில் சோறும் பருப்பும் மட்டும் தெரிந்த சமையல்காரன். (பருப்பு அடிப்பிடித்த நாட்களில் அதற்குப் பொரியல் என்று பெயர்.) ஊரில் என் சிநேகிதனின் தங்கை சுகந்தியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட அன்று அவள் வாசல் படலையடியில் நின்று ஒருதரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் இந்த ஊர்க் குளிரைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

சுகந்திக்கு விருப்பம். அவளுடைய பெற்றோருக்கு அரைவாசி விருப்பம். மற்ற அரைவாசி இதே மெல்பேணில், கிளென் வேவர்லியில் குடியிருந்தது. சுகந்தியின் தாய்மாமன் சிவகுருநாதன்தான் அது. அவர் ஒருமுறை நேரில் வந்து பையனைப் பார்த்துச் சொன்னால் காரியம் முற்றாகும் என்று ஊரில் முடிவாயிற்று.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? என் படிப்பும் வேலையும் ஊருக்கே தெரியும். வெளிநாட்டில் தனியாக இருக்கும் பெடியனைப் பற்றி அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: வீட்டில் வெள்ளைக்காரி யாரையாவது வைத்திருக்கிறானா? என் வீட்டில் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி மட்டுமே.

அரிசிச் சாக்கைத் தேடிக் குசினிக்குள் எலி வரத் தொடங்கியதால், பக்கத்து வீட்டு மார்ஜ் தன் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றை என் கையில் திணித்திருந்தாள். அதன் குணத்தைப் பார்த்து மிளகாய் என்று பெயர் வைத்தேன். வந்த புதிதில் ஹீற்றருக்கு முன்னால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு உட்கார்ந்து, சாரத்துக்குள்ளே கால்விரல்களை நெளித்துக் காட்டுவேன். அது பாய்ந்து பிடிக்கும். எனக்குச் சிரிப்பு அடங்காது. சில வாரங்களில், எலி என்பது என் கால்விரல்தான் என்று மிளகாய் முடிவு செய்துவிட்டது. நிஜ எலிகளை அது சொந்தக்காரரைப் போல நடத்தியது.

பிறகு விரல், கை, காது என்று எல்லாம் எலியாயின. யன்னல் சீலையில் ஏறி என் தோளில் குதித்து, கழுத்தைப் பிடித்துத் தொங்கும். சினந்து பார்த்தேன். மூக்கில் தட்டிப் பார்த்தேன். புது விளையாட்டு என்று அது இரண்டு மடங்கு உற்சாகமாகக் கடித்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்; நான்தான் நனைந்தேன். தொழிற்சாலையில் என் கழுத்தைப் பார்த்து ஒருவன் கண்ணைச் சிமிட்டினான். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை.

கடைசியில் மார்ஜிடம் போய்க் கையைக் காட்டினேன். அவள் ஆங்கிலத்தில் நன்றாக ஏசினாள். கையை விளையாட்டுச் சாமானாக்கினால் அது கடிக்காமல் என்ன செய்யும்? கடித்தால் சத்தம் போடாமல் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போ, கடிப்பதற்கு வேறு சாமான் கொடு என்றாள். சொன்னதோடு நிற்காமல், தன்னுடைய பழைய நைலோன் காலுறைகள் சிலவற்றை எடுத்து, நுனியில் பஞ்சு அடைத்து முடிச்சுப் போட்டுத் தந்தாள். தொடை வரை நீளும், தோல் நிறத்துப் பெண்கள் காலுறைகள்.

மிளகாய் அவற்றில் உயிரையே வைத்துவிட்டது. கடிப்பது மெல்லக் குறையத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறாராம். அவருடைய மனைவி, அன்ரியும் வருகிறாவாம். ராகுகாலத்துக்கு முன்னால் வந்து, ராகுகாலத்துக்கு முன்னால் போய்விடுவார்களாம்.

மாமாவுக்குச் சகுனம் என்றால் உயிர் என்று சிநேகிதன் ஏற்கெனவே எச்சரித்திருந்தான். நல்ல காரியத்துக்குப் போகையில் பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாராம். என் வீட்டுப் பூனையோ குறுக்கே போவதைத் தவிர வேறு எப்படியும் போகத் தெரியாத பூனை. ஆகவே ஞாயிறு மத்தியானமே மிளகாயைப் படுக்கையறைக்குள் விட்டு, பாலும் ஒரு காலுறையும் வைத்து, கதவைப் பூட்டினேன். மற்றக் காலுறைகளைப் பொறுக்கி அலுமாரிக்குள் அடைத்தேன். கழுத்துக் கீறல்களை மறைக்க மப்ளர் சுற்றிக்கொண்டேன்.

மாமா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தார். பின்னால் பரமேஸ்வரி அன்ரி. அன்ரி அதிகம் பேசமாட்டா. ஆனால் அவவின் கண் ஹோலைச் சுற்றி வந்த விதத்தில் சுங்க அதிகாரி தோற்றுவிடுவார்.

"வீட்டைத் துப்புரவா வைச்சிருக்கிறீர் தம்பி," என்றார் மாமா.

"ஓம் மாமா," என்றேன்.

தேத்தண்ணி கொடுத்தேன். ஹீற்றர் கொதித்தது. மப்ளருக்குள் வியர்வை ஓடியது. மாமா சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தான் கிளென் வேவர்லியில் வீடு வாங்கிய கதையைத் தொடங்கினார்.

"முதல் பார்த்த வீடு மல்கிரேவில தம்பி. நல்ல வீடு. முற்பணம் குடுக்க வெளிக்கிடுறன், ஒரு கறுத்தப் பூனை குறுக்கால போச்சுது. அப்பிடியே காரைத் திருப்பிப் போட்டன். பூனை போன காரியம் உருப்படாது, கண்டீரோ?"

படுக்கையறைக் கதவை உள்ளிருந்து பிறாண்டும் சத்தம் கேட்டது.

மாமா நிறுத்தினார். "என்ன சத்தம் அது?"

"காத்து மாமா."

"யன்னலெல்லாம் பூட்டிக் கிடக்கு," என்றா அன்ரி. அதுதான் அவ வாயைத் திறந்து சொன்ன முதல் வசனம்.

உள்ளே எதுவோ மேசையிலிருந்து விழுந்து உடைந்தது. நான் "கொஞ்சம் பலகாரம் எடுங்கோ" என்று தட்டை நீட்டினேன். வியர்வை கண்ணுக்குள் வடிந்ததால் என்னையறியாமல் மப்ளரை இழுத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். மாமாவின் பார்வை என் கழுத்தில் போய் நின்றது.

"கழுத்தில என்ன காயம்?"

"சேவ் எடுக்கேக்க வெட்டிப்போட்டுது மாமா."

மாமா என் கைகளைப் பார்த்தார். "கையிலயும் சேவ் எடுக்கிறனீரோ தம்பி?"

தட்டை வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த நேரம் மாமா முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுத்த, சோபா இடுக்குக்குள் கையை விட்டு இழுத்தார். தோல் நிறத்தில், நீளமாக, முடிவே இல்லாமல் அது வந்துகொண்டிருந்தது. அலுமாரிக்குத் தப்பிய ஒரு காலுறை.

மாமா அதைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் மெல்லிய முனகல் கேட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் "மாமா, அது பூனை" என்று சொல்லியிருப்பான். என் மூளையோ அப்போது இப்படி ஓடியது: பூனை என்று சொன்னால் சகுனம் போச்சு. சொல்லாவிட்டால் மானம் போச்சு. இரண்டில் எதைச் சொன்னாலும் சுகந்தி போச்சு. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, மிக மெதுவாகக் கேட்டா. "தம்பி, அறைக்குள்ள ஆர்?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி."

"எழும்பும், நாங்கள் வெளிக்கிடுவம்," என்று மாமா அன்ரியிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கவலைதான் இருந்தது. ஊரில் தன் தங்கச்சிக்கு, சுகந்தியின் அம்மாவுக்கு, இதை எப்படிச் சொல்வது என்ற கவலை. அது என்னைக் கொன்றுவிட்டது.

ஆனால் அன்ரி வாசல் பக்கம் போகவில்லை. நேரே படுக்கையறைக்குப் போய், பூட்டிலேயே இருந்த திறப்பைத் திருப்பிக் கதவைத் திறந்தா.

சாம்பல் நிறத்தில் ஒன்று பறந்து வந்தது. வாயில் காலுறை. ஹோலை ஒருமுறை சுற்றி, எழுந்து நின்ற மாமாவுக்கு முன்னால், துல்லியமாகக் குறுக்கே ஓடியது. குறுக்கே போனது போதாது என்று திரும்பி வந்து, காலுறையைப் போட்டுவிட்டு, மாமாவின் கால் பெருவிரலைக் கவ்வியது. நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"ஐயோ!" என்றார் மாமா. குனிந்து காலைப் பார்த்தார். பிறகு, "இதென்ன, பூனையோ?"

"ஓம் மாமா. மிளகாய்." எல்லாம் முடிந்துவிட்டது என்பதால் இப்போது வார்த்தை தாராளமாக வந்தது. கடித்த கதை, மார்ஜ் கதை, காலுறைக் கதை, சகுனத்துக்குப் பயந்த கதை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

மாமா குறுக்கிட்டார். "பூனை மட்டும்தானோ?"

அன்ரி அறைக்குள் நின்றபடி கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தா. அலுமாரியைத் திறந்தா. மற்றக் காலுறைகள் அவவின் தலையில் விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தா. நுனியில் பஞ்சு, எல்லாவற்றிலும் பல் அடையாளம். "ஓமப்பா, பூனை மட்டும்தான்," என்றா.

"முருகா!" என்று மாமா சோபாவில் விழுந்தார். அந்த நிம்மதியை நான் அதற்குப் பிறகு ஒருவர் முகத்திலும் கண்டதில்லை. மிளகாய் இன்னும் அவர் விரலை விடவில்லை. அவரும் உதறவில்லை.

"மாமா, பூனை குறுக்கால போயிட்டுதே..." என்று இழுத்தேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.)

மாமா யோசித்தார். "வெளிக்கிட்டு வாசலைத் தாண்டினாப் பிறகு போனாத்தான் தம்பி சகுனம். இது வீட்டுக்குள்ள போனது. இருந்தாலும் ஒரு மிடறு தண்ணி குடிச்சு, கொஞ்சம் இருந்திட்டு எழும்பினாச் சரி."

தண்ணீர் குடித்து, கொஞ்சம் இருந்துவிட்டு, அவர் எழும்ப நினைத்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. இனி அது முடியும்வரை அசையமாட்டார். ஆக இருவரும் என் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அன்ரி குசினிக்குள் போய் என் பருப்பைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் புதிதாக ஒன்று காய்ச்சினா. மாமா காலுறையின் ஒரு நுனியைப் பிடிக்க, மிளகாய் மறு நுனியை இழுத்தது. போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி, "பெடியனுக்குப் பொய் சொல்லவே தெரியேல்லை. அது ஒண்டு காணும், வேற என்ன வேணும்," என்று அன்ரியிடம் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த ஆண்டு சுகந்தி வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவள் என்னிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று மாதக்கணக்காகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பெட்டியைக் கீழே வைத்தாள். படலையடியில் பார்த்த அதே சிரிப்பு. "அறைக்குள்ள இப்ப ஆர்?" என்று கேட்டாள்.

மிளகாய் கிழவியாகி, கடிக்கப் பல் இல்லாத காலம் வரை எங்களோடு இருந்து போய்ச் சேர்ந்தது. மாமாவும் அன்ரியும் இப்போது இல்லை. ஆனால் இந்த வீட்டில் நான் எந்தக் கதவைச் சாத்தினாலும், குளியலறைக் கதவானாலும், வெளியிலிருந்து அந்தக் கேள்வி வரும். எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். இந்த ஒரு வசனத்தை மட்டும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரிச் சொல்வார்கள்.

"அறைக்குள்ள ஆர்?"

நான் உள்ளே இருந்து, குரல் நடுங்க, "ஒருத்தரும் இல்லை அன்ரி" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை கதவைத் தட்டுவதை நிறுத்தமாட்டார்கள்.