முனியாண்டிக்குக் கீழே ஒரு மூடி

மரியாதைக்குரிய சிவானந்தம் மாமா அவர்களுக்கு,

எங்கள் கக்கூஸ் தொட்டியின் மேல் முனியாண்டியை உட்கார வைத்தவர் நீங்கள்தான். மற்றபடி இங்கே அனைவரும் சுகம். அத்தைக்குச் சர்க்கரை குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது அத்தை வாங்கி வைப்பார் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தைக் கம்பெனி விற்று எங்களைப் புக்கிட் ரோத்தான் கடைவரிசைக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டபோது, பன்னிரண்டு வீட்டுக்கு நான்கு கக்கூஸ் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்களே, அதற்கு மேற்பார்வையாளராக நின்றவர் நீங்கள். அந்த நான்கும் ஒன்பது நாளாக உள்ளே போவதை வெளியே தள்ளுகின்றன. ஈஜோக்கில் உள்ள உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூன்று கக்கூஸ். மூன்றாவதற்கு யார் போகிறார்கள் என்று கேட்க எனக்கு நெடுநாள் ஆசை.

புஷ்பா அண்ணிக்கு எட்டாவது மாதம்; கணேஸ்வரன் அண்ணன் அப்பாவாகப் போகிறார். பெரிய சாலையைக் கடந்து நஜ்முதீன் பாய் சாப்பாட்டுக் கடைக் கக்கூஸுக்குத்தான் போய்வருகிறார். பாய் நல்லவர். "எப்ப வேணும்னாலும் வாம்மா, கேக்கவே வேணாம்" என்கிறார். ஆனால் அண்ணிக்கு ரோஷம். சும்மா போவதா என்று பால் விடாத டீயாக ஒரு தே ஓ வாங்குகிறார், வாங்கியதை வீணாக்குவதா என்று குடிக்கிறார், குடித்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி போகவேண்டியதாகிறது. நேற்று ஐந்து தடவை. ஐந்தாவது தடவை செம்பனைக்குலை லோரி ஒன்று பிரேக் அடித்த சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. அண்ணி பிழைத்தது லோரிக்காரனின் கால் வேகத்தால்.

முந்தாநாள் தொட்டி உறிஞ்சும் லோரி வந்தது. ஓட்டி வந்த வசீம், "மூடியக் காட்டுங்க தங்கச்சி, பத்து நிமிஷத்துல உறிஞ்சிட்டுப் போயிருவேன்" என்றார். எந்த மூடி? திலகம் அக்கா வாழைமரத்தைக் காட்டினார், சோமு அண்ணன் துணிக்கொடியைக் காட்டினார், ஒருவர் என்னைக் காட்டினார்.

"தொட்டி எங்கன்னே தெரியாம பதினோரு வருஷமா எப்படிப் போனீங்க?"

"ஒரு நம்பிக்கையிலதான் லா" என்றார் திலகம் அக்கா.

எனக்கு வெட்கமாக இருந்தது, மாமா. தினமும் போகிறேன், எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தரையைத் தட்டிக்கொண்டே போனோம். எல்லா இடமும் 'தொப்' என்றது. நீங்கள் நான்கு வருஷத்துக்கு முன் சுவரில் முனியாண்டி படம் போட்ட ஓடு பதித்து, கீழே சிமெண்டு மேடை கட்டிச் சூலம் நட்டீர்களே, அங்கே மட்டும் 'டங்' என்றது; மூடி அதன் அடியில்தான். வசீம் கையை உதறிக்கொண்டார். "சாமி விஷயம், நான் தொடமாட்டேன்." எங்கள் ஆட்களோ இன்னும் மோசம். "வச்சவருதான் எடுக்கணும்" என்று ஒரே பாட்டு. கணேஸ்வரன் அண்ணன் கடப்பாரையைத் தூக்கினார், சூலத்தைப் பார்த்தார், இறக்கிவிட்டார். லோரி வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

அந்தச் சுவரில் ஆம்பிளைகள் நிற்பதைத் தடுக்கத்தானே சாமி வைத்தீர்கள்? "இனிமே ஒருத்தன் நிப்பானா?" என்று மீசையைத் தடவினீர்கள். நிற்கவில்லைதான். நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் திடீரென்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. கடைகளுக்கு மூட்டை இறக்கும் சுகுமாறனிடமே கேட்டேன். பாவம், தலையைச் சொறிந்தார். "கடைக் கக்கூஸ பூட்டி வச்சிருக்காங்க தங்கச்சி. சுவத்துல சாமி இருக்கு. அதான் உங்க வீட்டுப் பின்பக்கம் வந்துட்டோம்." நீங்கள் துரத்தியவர்கள் பதினைந்து அடி நகர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு கதவும் ஒரு வாளித் தண்ணியும் கொடுத்திருந்தால் முனியாண்டிக்கு இந்த வேலையே வந்திருக்காது. டவுன் வளர்கிறதாம், பேங்க் வருகிறதாம், இன்னொரு கைப்பேசிக் கடை வருகிறதாம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வயிறு என்று ஒன்று இருப்பது மட்டும் எந்தப் பிளானிலும் வராது.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் வந்து நீங்கள் வைத்ததை நீங்களே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அத்தைக்கு என் அன்பு. வணங்குகிறேன், உங்கள் ஆசியும் வேண்டும். வரும்போது கடப்பாரையும் கொண்டுவாருங்கள்.

தங்கை மகள்,
பிரேமலா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அண்ணி மறுபடி சாலைக்குக் கிளம்பினார். கணேஸ்வரன் அண்ணன் அதைப் பார்த்தார். கற்பூரம் ஏற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், சூலத்தைப் பிடுங்கி ஒரு மணல் வாளியில் நட்டுவிட்டு மேடையை உடைத்தார். மூடி இருந்தது. வசீமைத் திரும்பக் கூப்பிட்டோம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "தங்கச்சி, தொட்டி காஞ்சு கிடக்குது. ஒரு குழாய்கூட உள்ள வரல." உள்ளே சிமெண்டு கட்டிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, ஒரு நாளும் நனைந்ததில்லை.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். முனியாண்டி மேல் ஒரு தப்பும் இல்லை. குழாய் வேறெங்கோ அடைத்திருக்கிறது. அது போகும் வழி தெரிந்தால்தான் எடுக்க முடியும் என்கிறார் வசீம். கட்டும்போது பக்கத்தில் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். பன்னிரண்டு வீட்டுக் கக்கூஸையும் பதினோரு வருஷமாக எங்கே விட்டிருக்கிறீர்கள்? சொல்லுங்கள், மாமா.